கைத்தொலைபேசிக்கான இணையச் செயலி: எந்தக் கணினி வாங்குவது, எதை வைத்துச் சோதிப்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய அங்கத்திற்கு வந்த கேள்விகளில் ஒன்றை நெறியாளர் முதலில் என்னிடம் கொடுத்திருக்கிறார். கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். "மகன் கணினித் துறையில் டிப்ளோமா முடித்திருக்கிறான். கைத்தொலைபேசியில் திறக்கும் இணையச் செயலிகளைச் செய்து கொடுக்கும் தொழிலை வீட்டிலிருந்தே தொடங்கப் போகிறானாம். அதற்கு ஆப்பிள் மடிக்கணினி இருந்தே ஆக வேண்டும் என்கிறான். நாலாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. படிப்புக் கடனே இன்னும் கட்டி முடியவில்லை. இது உண்மையிலேயே தேவையா, அல்லது வயதுக் கோளாறா?"

வயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள் அம்மா. மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் பணத்தை எங்கே போடுவது, எங்கே போடாமல் தள்ளி வைப்பது என்பது விளங்கிவிடும்.

இணையச் செயலி என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கடையிலிருந்து பதிவிறக்கம் செய்து கைத்தொலைபேசியில் நிறுவுகிறோமே, அது ஒரு வகை. இணையச் செயலி அப்படியல்ல. யாரோ ஓர் இணைப்பை அனுப்புகிறார்கள், அதைத் தட்டுகிறோம், உலாவியில் ஒரு பக்கம் திறக்கிறது, அதிலேயே முறுக்குக்கு ஆர்டர் கொடுக்கிறோம், பிள்ளையை டியூஷனுக்குப் பதிகிறோம், பணமும் கட்டிவிடுகிறோம். எதையும் நிறுவ வேண்டியதில்லை. சிறு வியாபாரிகளுக்கு இதுதான் கட்டுப்படியாகும். மகனிடம் வேலை கொடுக்க வருபவர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. செய்பவர் பெரிய திரையில், வேகமான கணினியில், வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்கிறார். பயன்படுத்துபவர் மூன்று வருடப் பழைய கைத்தொலைபேசியில், எல்ஆர்டியில் நின்றுகொண்டு, ஒரு கையால் திறக்கிறார். இவருக்கு அழகாகத் தெரிந்த பொத்தான் அவருக்கு விசைப்பலகையின் அடியில் மறைந்து கிடக்கிறது. அவர் போன் செய்து புகார் சொல்லப் போவதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவார். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரங்களில் வருடத்து வருமானத்தில் பாதியைப் பார்க்கும் ஒரு பலகாரக்காரருக்கு இது சின்ன விஷயமா? எத்தனை ஆர்டர் போயிற்று என்று கணக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் சோதனை என்பதை வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

மகன் சொல்வதில் உள்ள உண்மை

உலாவிகள் பல பெயர்களில் இருந்தாலும், உள்ளே பக்கத்தை வரைந்து காட்டும் இயந்திரங்கள் மூன்றுதான் என்று சொல்லிவிடலாம். குரோம், எட்ஜ், சாம்சங் இன்டர்நெட், ஓப்பரா ஆகிய எல்லாம் குரோமியம் குடும்பம். பயர்பாக்ஸுக்குத் தனி இயந்திரம், பெயர் கெக்கோ. ஆப்பிளின் சஃபாரிக்கு வெப்கிட்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐபோனிலும் குரோம் இருக்கிறதே, அதில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். நம் நாட்டில் விற்கும் ஐபோனில் குரோமின் சட்டைதான் இருக்கிறது, உடம்பு சஃபாரியுடையது. ஐபோனில் எந்த உலாவியும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்திற்காக அங்கே அந்த விதியைத் தளர்த்தினார்கள். நமக்கு அது எட்டவில்லை.

ஆகவே, விண்டோஸ் கணினியில் குரோமில் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்பவர் ஐபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளரைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். விண்டோஸுக்கும் ஒரு காலத்தில் சஃபாரி இருந்தது. 2012-உடன் அதை நிறுத்திவிட்டார்கள். ஐபோனைக் கம்பியால் இணைத்து, பக்கத்தின் உள்ளே என்ன தவறு நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஆப்பிள் கொடுக்கும் கருவி மேக் கணினியில் மட்டும்தான் வேலை செய்யும். ஐபோனைப் போலவே திரையில் நடிக்கும் சிமுலேட்டரும் அப்படித்தான். இதுதான் மகன் சொல்வதில் உள்ள பாதி உண்மை.

மீதிப் பாதி என்னவென்றால், இது முதல் நாளிலேயே வேண்டியதில்லை. மேலும், மேக் வேண்டும் என்பதும் மடியில் வைக்கும் மேக் வேண்டும் என்பதும் ஒன்றல்ல.

கணினியைப் பொறுத்தவரை

இப்போது வீட்டில் இருக்கும் கணினி எது என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஓடுகிறதா? 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இதனால் ஒரு விஷயம் நடந்திருக்கிறது: விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் மலிவாகக் கடைக்கு வருகின்றன. அலுவலகத்தில் இருந்து கழித்த நல்ல உடம்புள்ள கணினி என்று சொல்வார்கள். வாங்கலாம், தவறில்லை. ஆனால் இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், அதற்குக் கீழே உள்ளவை விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை.

மற்றபடி பார்க்க வேண்டியது நினைவகம். 16 ஜிபி இருக்கட்டும். நிரல் எழுதும் மென்பொருள் ஒரு பக்கம், இருபது தாவல் திறந்த உலாவி ஒரு பக்கம், போலி ஆண்ட்ராய்டு தொலைபேசி ஒரு பக்கம் என்று மூன்றும் சேர்ந்து ஓடும்போது 8 ஜிபி திணறும். சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்முன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். 2025 இறுதியில் நினைவக விலை ஏறியதிலிருந்து, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் அவ்வளவு லாபமாக இல்லை. வன்தட்டு எஸ்எஸ்டி வகையாக, முடிந்தால் 512 ஜிபி. விளையாட்டுக்கான கிராபிக்ஸ் அட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டாம், இந்த வேலைக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

போலி ஆண்ட்ராய்டு என்றேன். கூகுளின் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இலவசமாக இறக்கினால் எமுலேட்டர் என்ற ஒன்று வரும். கணினிக்குள்ளேயே ஒரு தொலைபேசி. அது வேகமாக ஓட வேண்டுமென்றால் கணினியின் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி திறந்திருக்க வேண்டும். பல கணினிகளில் இது மூடியே இருக்கும். "கணினி போதவில்லை, புதிது வாங்க வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்டால், முதலில் அதைத் திறந்து பார்த்தாயா என்று கேளுங்கள்.

கணினியில் மிச்சம் பிடித்த பணத்தில் இரண்டு தொலைபேசிகள்

என்னைக் கேட்டால், கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து இரண்டு கைத்தொலைபேசிகள் வாங்கச் சொல்வேன். ஒன்று, 3 அல்லது 4 ஜிபி நினைவகமுள்ள மலிவான ஆண்ட்ராய்டு. புதிது வேண்டாம், அக்காள் தூக்கிப் போட்டது இருந்தால் அதுவே நல்லது. இன்னொன்று, பயன்படுத்திய ஐபோன். 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-ஐ ஏற்கும் ஐபோன் 11 அல்லது 2020-இல் வந்த எஸ்இ போன்ற ஒன்று. (18-க்குப் பிறகு 19 வராமல் 26 எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், ஆண்டை வைத்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.)

உயர்ந்த விலைத் தொலைபேசியில் சோதிப்பதில் என்ன கெடுதல்? எல்லாமே வேகமாக ஓடும், அதுதான் கெடுதல். மெதுவான தொலைபேசிதான் உண்மையைச் சொல்லும்.

ஆண்ட்ராய்டைக் கணினியோடு இணைப்பது எளிது. அமைப்புகளில் தொலைபேசி பற்றிய பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டினால், நீங்கள் நிரலாளர் ஆகிவிட்டீர்கள் என்று அதுவே சொல்லும். பிறகு யுஎஸ்பி டிபக்கிங் என்பதைத் திறந்துவிட்டு, கம்பியால் கணினியோடு இணைத்து, கணினியின் குரோமில் முகவரிப் பட்டையில் குரோம் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால், தொலைபேசியில் திறந்திருக்கும் பக்கம் அங்கே தெரியும். பிழைச் செய்திகளைப் படிக்கலாம், எழுத்தின் அளவை மாற்றிப் பார்க்கலாம். எல்லாமே இலவசம். ஒரே ஒரு எச்சரிக்கை. பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு விற்கும் சில கம்பிகள் மின்னூட்ட மட்டுமே, தகவல் போகாது. கம்பியை மாற்றிப் பார்க்காமல் ஒரு மதியத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்து, புதியவர்கள் தவறாமல் போய் முட்டிக்கொள்ளும் ஓரிடம். கணினியில் எழுதிக்கொண்டிருக்கும் செயலியை அதே வைஃபையில் உள்ள தொலைபேசியில் திறக்க, 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தட்டுகிறார்கள். பக்கம் வருகிறது, ஆனால் கேமரா திறக்கவில்லை, இருப்பிடம் கிடைக்கவில்லை, இணையமில்லாதபோது வேலை செய்ய வேண்டிய வசதியும் செத்துக் கிடக்கிறது. தொலைபேசி பழுது என்று நினைக்கிறார்கள். பழுதில்லை. இந்த வசதிகளை உலாவிகள் பாதுகாப்பான முகவரிகளுக்கு மட்டுமே கொடுக்கும். எச்டிடிபிஎஸ் என்று தொடங்க வேண்டும், அல்லது லோக்கல்ஹோஸ்ட் என்ற, அந்தக் கருவியின் சொந்த முகவரியாக இருக்க வேண்டும். கணினிக்கு அது லோக்கல்ஹோஸ்ட். தொலைபேசிக்கு அது வெளியாள்.

இதற்கு வழி உண்டு. ஆண்ட்ராய்டு என்றால், மேலே சொன்ன குரோம் பக்கத்திலேயே போர்ட் ஃபார்வர்டிங் இருக்கிறது. கணினியின் லோக்கல்ஹோஸ்ட்டைத் தொலைபேசியின் லோக்கல்ஹோஸ்ட்டாக அது காட்டிவிடும். ஐபோனுக்கு என்கிராக், கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சுரங்கச் சேவைகள். உங்கள் கணினியில் ஓடுவதற்கு ஒரு தற்காலிக எச்டிடிபிஎஸ் முகவரி கொடுப்பார்கள். அந்த முகவரி தெரிந்த எவரும் உள்ளே வரலாம் என்பதால், உண்மையான வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொண்டு சுரங்கத்தைத் திறக்காதீர்கள்.

திரையைச் சுருக்கிப் பார்ப்பது போதாதா?

நெறியாளர் கேட்கிறார்: "குரோமிலேயே தொலைபேசி வடிவில் சுருக்கிக் காட்டும் வசதி இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு?"

அந்த வசதி நல்லதுதான், தினமும் அதில்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் அது அளவை மட்டுமே மாற்றிக் காட்டுகிறது. ஐபோன் என்று தேர்ந்தெடுத்தாலும் உள்ளே ஓடுவது குரோமின் இயந்திரம். விசைப்பலகை மேலே எழும்பி வந்து பாதித் திரையை விழுங்குவதை அது காட்டாது. கட்டைவிரல் எலியின் முனையைப் போல் கூர்மையானதும் அல்ல.

அதே கருவிக்குள் இருக்கும் வேகத்தைக் குறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். இணையத்தின் வேகத்தையும் குறைக்கலாம், கணினியின் வேகத்தை நாலில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்றும் குறைக்கலாம். இதில் 3ஜி என்ற பெயரை இன்னும் வைத்திருக்கிறார்கள். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தால் அந்த வேகம் இன்னும் சாகவில்லை என்பது தெரியும்.

லைட்ஹவுஸ் என்று ஒரு கருவியும் குரோமுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திற்கு மதிப்பெண் போட்டுக் கொடுக்கும். பள்ளி மதிப்பெண் போலவே இதிலும் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்று வெறி பிடித்து அலைபவர்கள் உண்டு. தேவையில்லை. கூகுள் வகுத்திருக்கும் மூன்று அளவுகளை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லிவினாடிக்குள் திரை அசைய வேண்டும். படிக்கும்போது எழுத்து துள்ளிக் குதித்து இடம் மாறக் கூடாது. அந்த இரண்டாவது அளவு 2024 மார்ச்சில்தான் பழைய ஒன்றுக்குப் பதிலாக வந்தது. மலிவான தொலைபேசிகள் தோற்பது பெரும்பாலும் அதில்தான்.

மேக் இல்லாமல் ஐபோனைச் சோதிப்பது

மகனிடம் பழைய ஐபோன் இருக்கிறது, விண்டோஸ் கணினி இருக்கிறது, மேக் இல்லை. என்ன செய்யலாம்? கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய குறைகளே பெரும்பாலானவை. எடுத்துக்காட்டாக, பெயர் எழுதும் பெட்டியில் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், தொட்டவுடன் ஐபோன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். திரையின் முழு உயரம் என்று பழைய அலகில் எழுதினால், முகவரிப் பட்டையின் உயரத்தையும் சேர்த்துக்கொண்டு அடியில் உள்ள பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். அதற்கென்றே புதிய அலகுகள் 2022 முதல் சஃபாரியில் இருக்கின்றன. அறிவிப்பு அனுப்பும் வசதி வேண்டுமா? ஐஓஎஸ் 16.4 வந்த 2023 முதல் கிடைக்கிறது, ஆனால் பயனர் அந்தச் செயலியை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டுமே. இவற்றுக்கெல்லாம் கையில் ஐபோன் இருந்தால் போதும்.

உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டியபோது, எருடா என்ற இலவச நிரல்துண்டைப் பக்கத்தில் சேர்த்தால், தொலைபேசித் திரையிலேயே பிழைச் செய்திகளைக் காட்டும். மைக்ரோசாப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவி, விண்டோஸிலேயே வெப்கிட்டை ஓட்டிப் பார்க்கும். அது அப்படியே சஃபாரி ஆகிவிடாது, சஃபாரியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய பயன் வேறு: ஒரு முறை எழுதி வைத்தால், ஆர்டர் கொடுப்பதிலிருந்து நன்றி சொல்லும் பக்கம் வரை மூன்று இயந்திரங்களிலும் தானே நடந்து பார்த்துவிடும். பிரவுசர்ஸ்டாக் போன்ற நிறுவனங்கள் உண்மையான தொலைபேசிகளை இணையம் வழியாக வாடகைக்கு விடுகின்றன. வாடிக்கையாளர் ஒருவர் தம்மிடம் உள்ள குறிப்பிட்ட மாடலில் மட்டும் வேலை செய்யவில்லை என்று சொல்லும்போது, அந்த ஒரு மாதத்திற்கு எடுத்தால் போதும்.

மேக் எப்போது வாங்கலாம்? ஐபோனில் மட்டும் வரும் பிழை ஒன்று ஒரு முழு நாளைத் தின்று, அது இரண்டாவது முறையும் நடந்தால் வாங்கலாம். அப்போதும் மடிக்கணினி வேண்டாம், மேக் மினி போதும். வீட்டில் உள்ள திரையையும் விசைப்பலகையையும் அதில் மாட்டிக்கொள்ளலாம். 2024 இறுதியில் வந்த எம்4 மினியிலிருந்து அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி நினைவகம் கொடுக்கிறார்கள். இன்டெல் சில்லுள்ள பழைய மேக் மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள். 2025-இல் வந்த மேக் இயங்குதளமே இன்டெலுக்குக் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. சாதாரணக் கணினியில் மேக் இயங்குதளத்தை ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஆப்பிளின் உரிமம் அதற்கு இடம் தரவில்லை, தொழில் செய்பவர் அந்த வழியில் போக வேண்டாம். ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டும் ஆப்பிள் உறுப்பினர் திட்டமும் இணையச் செயலிக்குத் தேவையில்லை.

தமிழையும் சோதியுங்கள்

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முத்துகிருஷ்ணன் என்ற பெயரில் நாம் எண்ணினால் எட்டு எழுத்து. கணினி எண்ணினால் பதினைந்து, ஏனென்றால் யூனிகோடில் கொக்கியும் புள்ளியும் தனித்தனி எண்கள். பெயர் பெட்டிக்குப் பத்து எழுத்து வரம்பு வைத்திருந்தால், அந்தப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது கடைசிவரை தெரியவராது.

எழுத்துருவும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் பொதுவாக நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ்ச் சங்கம் எம்என். அந்த எம்என் நம் நாட்டு முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம் என்பது பலருக்குத் தெரியாது. மூன்றுக்கும் அகலமும் உயரமும் வெவ்வேறு. "சமர்ப்பிக்கவும்" என்ற பொத்தான் ஒன்றில் ஒரே வரியில் நிற்கும், இன்னொன்றில் இரண்டாக உடையும். வரிகளுக்கிடையே இடம் போதாவிட்டால் "கீ"-யின் சுழி தலையில்லாமல் தெரியும்.

பணம் கட்டும் இடத்தையும் நம் நாட்டு நடப்பின்படி சோதிக்க வேண்டும். எஃப்பிஎக்ஸ் வழியாகக் கட்டும்போது வங்கியின் பக்கத்திற்குப் போகிறோம். 2022-இல் பேங்க் நெகாரா குறுஞ்செய்திக் கடவுஎண்ணைக் கைவிடச் சொன்ன பிறகு, ஒப்புதலை வங்கியின் செயலிக்குள் போய்த்தான் கொடுக்கிறோம். அதற்குள் 3 ஜிபி தொலைபேசி, இடம் போதாமல் உலாவியை மூடிவிடுகிறது. திரும்பி வந்தால் கூடை காலி. பணம் போயிற்றா இல்லையா என்று வாடிக்கையாளருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. ஐயாயிரம் வெள்ளிக் கணினியில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இந்தக் குறை வெளிப்படாது. அக்காளின் பழைய தொலைபேசி பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்கிறார் நெறியாளர். அப்படியானால் அந்தத் தாயாருக்கு ஒரு வார்த்தை. பழைய ஐபோன் வாங்கப் போகும்போது, விற்பவர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறி, தொலைபேசியைப் புதிது போல் அழித்து, உங்கள் கண் முன்னால் திரும்பத் திறந்து காட்டட்டும். பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் கடவுச்சொல் இல்லாமல் அதை யாராலும் பயன்படுத்த முடியாது.